இரண்டு டம்ளர் அரிசி

பாக்கியத்தாயின் உடம்பிலிருந்து இறங்கிய எடை அவளுக்கு முன்பாகவே வீடு போய்ச் சேர்ந்து, கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைத்தான் எங்கள் ஹவுசிங் போர்டு காலனியில் முதன்முதலாகப் பார்த்தோம். கைக்குழந்தை அளவுதான் இருந்தது. பிசைந்து வைத்த கோதுமை மாவின் நிறம், கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மழமழப்பு, ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த விதம் அச்சு அசலாகப் பாக்கியத்தாய். இட்லி மாவு வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எடை குறைந்த சந்தோஷத்தில் சமுதாயக் கூடத்திலிருந்து கைவீசி நடந்து வந்தவள், அதை மேலும் கீழும் பார்த்து, "போனது எங்கயாச்சும் போய்த்தான இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மாவு அள்ளப் போய்விட்டாள்.

சமுதாயக் கூடத்தில் மெஷினைக் கொண்டுவந்து வைத்தவர் எஸ்தர் டாக்டரம்மா. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு பிடிகளைப் பிடித்தால், ஒருவர் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று அந்த மெஷின் பிரித்துச் சொல்லிவிடும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உடற்பயிற்சி செய்து, அளவாகச் சாப்பிட்டால் அதில் எது குறைகிறது, எது கூடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக எங்களை இரண்டாகப் பிரித்தார். மூடிய கவர்களை ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். ஒரு குழு காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும், மணல் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்க வேண்டும், சோற்றைக் குறைத்து முட்டையும் சுண்டலும் பாசிப்பயறும் சாப்பிட வேண்டும். இன்னொரு குழு இதுவரை எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும். டாக்டரம்மா அதை ஒப்பீட்டுக் குழு என்றார். நாங்கள் சும்மா குழு என்றோம். மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணமானாலும் வீடு கட்டுவதானாலும் கோயிலில் பூவைப் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கிற ஜனங்கள் நாங்கள், பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தது எதுவானாலும் அது சாமி சொன்னது.

சும்மா குழுக் கவரை எடுத்தவர்களில் ஒருவர்தான் ஆழ்வார்சாமி அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லா ஊருக்கும் பஸ்ஸை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் அங்கேயே நின்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி கோதை போன பிறகு மாடி வீட்டில் தனியாகவே இருந்து, வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போனார். கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சும்மா இருக்கதுக்கும் ஆள் எடுக்காகளா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்டது போல அவரிடமும் வீட்டில் எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டதற்கு, ஒருத்தருக்கு என்று சொல்லிவிட்டு வந்தார்.

அது பொய். அவருக்குத் தெரிந்த சமையல் ஒன்றே ஒன்றுதான். கோதை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது படுக்கையிலிருந்தே சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் அரிசி, ரெண்டு டம்ளர் போடுங்க, தண்ணி இவ்வளவு வைங்க என்று அவள் சொன்னபடியே, அவள் போன பிறகும் ரெண்டு டம்ளர் அரிசியைக் களைந்து போட்டு, மத்தியானம் இரண்டு தட்டு வைத்து, ஒன்றைத் தான் சாப்பிட்டு, மற்றதை அடுக்களை வாசலில் அவள் உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு, ஸ்டாண்டில் ஒரு பஸ் நிற்கிற நேரம் காத்திருப்பார். அவள் வரமாட்டாள். இறந்தவர்களுக்குப் படைத்த சோற்றைக் குப்பையில் கொட்டுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது, அதை வீட்டு ஆட்கள்தான் சாப்பிட வேண்டும், அந்த வீட்டில் ஆள் என்று அவர் ஒருவர்தான். எனவே அந்தத் தட்டையும் எடுத்துச் சாப்பிடுவார். மற்றவர்கள் திதிக்குத் திதி செய்வதை அவர் நாள் தவறாமல் செய்தார்.

பாக்கியத்தாய்க்கு அடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் வரத் தொடங்கினார்கள். எடை இறங்கினால் வருகிறவர்கள் என்பதால் இறங்கினவுக என்று மரியாதையாகவே பெயர் வைத்தோம். டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டதற்கு, உடம்பில் கரைகிற கொழுப்பு பெரும்பாலும் மூச்சுக்காற்றாகத்தான் வெளியே போகிறது என்று சொன்னார். மூச்சாக வெளியே போனது நமக்கு முந்தி வீட்டுக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதானே என்று எல்லோரும் திருப்தியாகத் திரும்பினோம். அவர் மட்டும் மெஷினையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்தவர்களைத் தள்ளிவிடவா முடியும். அவர்கள் சாப்பிடவில்லை, பேசவில்லை, யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. எங்கள் சொந்தக்காரர்களில் அப்படி ஒருவரைக் காட்ட முடியுமா. மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியபோது கண்டக்டர் முதலில் அரை டிக்கெட் கேட்டார். பிறகு அவரே யோசித்து, போன மாதம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரே டிக்கெட்டில்தானே வந்தீர்கள் என்று விட்டுவிட்டார். ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிக்க அவர்களை உட்கார வைத்தோம். கல்யாண வீட்டில் அவர்களுக்கும் சந்தனம் காட்டினார்கள். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் சுட்ட மறுநாள், பல வீடுகளில் இறங்கினவுக ஒரு சுற்று சிறுத்துப்போயிருந்தார்கள். யார் எத்தனை அதிரசம் தின்றார்கள் என்பதை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம் என்று ஆனதும், காலனியில் முதல் தடவையாக எல்லா ஜன்னலுக்கும் திரை விழுந்தது.

இதில் சண்முகவேல் வாத்தியார் கதை வேறு. அவருக்கு அவசரம். முட்டை வேண்டாம், பயறு வேண்டாம், பாட்டில் தூக்குவது வேண்டாம் என்று எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பட்டினி கிடந்தார். மற்றவர்களுடைய இறங்கினவுக வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்க, அவருடையது மட்டும் நரம்பும் முறுக்குமாக எழுந்து நின்று வராந்தாவில் நடக்க ஆரம்பித்தது. வாத்தியாரோ மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் சேர்ந்து போய்விடும், சதைதான் உங்கள் பலம், அதை விட்டுவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார். வாத்தியார் முட்டைக்குத் திரும்பினார். நடந்துகொண்டிருந்தது சில வாரத்தில் திரும்பவும் உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவையும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஆழ்வார்சாமி அண்ணாச்சி. காலனியில் விளக்கில்லாத வீடு எது என்று பார்ப்பதுபோல, ஆளில்லாத வீடு எது என்று பார்த்தால் அவருடையதாகத்தான் இருந்தது. எதிர் நாற்காலியில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தால் போதும், தன்னுடைய எடையே ஆனாலும் பரவாயில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிரும்போது எதிரே ஒரு தலை தெரிந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எங்களில் யாராவது ஒருவர் அடிக்கடி மாடி ஏறிப் போயிருந்தால் அப்படித் தோன்றியிருக்குமோ என்னமோ. யாரும் ஏறவில்லை.

சாமி சொன்னதை மீறுகிறோம் என்ற பயத்தோடு, யாருக்கும் தெரியாமல், ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் கருவேல மர நிழலில் நடக்கத் தொடங்கினார். முதல் தடவையாக ஒரே ஒரு டம்ளர் அரிசி போட்டார். ஒரு டம்ளருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கோதை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அடி பிடித்துவிட்டது. தீய்ந்த சோற்றை ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுக்களை வாசலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கழுவினார். நாளாக ஆக வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. நாங்கள் கவலையில் இளைக்கிறார் என்று நினைத்தோம்.

ஒரு மத்தியானம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். வருகிறவருக்காக என்று தூசி தட்டி வைத்திருந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அடுக்களை வாசலில், தரையில், ஒரு காலை மடக்கி மறு காலைக் குத்துக்காலிட்டு, முழங்கால் மேல் கையை நீட்டி, அது உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்தவரில்லை.

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆனது. பாக்கியத்தாய் சட்னிக்குத் தேங்காய் கேட்க மாடி ஏறி வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டுத் தேங்காயை மறந்தாள்.

"அண்ணாச்சி, இது நீங்க இல்ல" என்றாள். "இது கோதை மதினில்லா."

அத்தனை வருஷமாக அவர் உடம்பில் ஏறியது கோதைக்கு வைத்த சோறு. அவள் பங்கு அவருக்குள் ஏறி, அவருக்குள்ளேயே இருந்து, இப்போது அவள் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு ஒரு மணி நேரத்தில் காலனியே மாடிப்படியில் நின்றது. ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை, முடிவு செய்ய வேண்டியது நிறைய இருந்தது. கோதை சுமங்கலியாகப் போனவள், எனவே நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டு வாசலில் தாம்பூலம் வைக்க வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். பாக்கியத்தாய் அந்த மழமழப்பான நெற்றியில் குங்குமம் வைத்துப் பார்த்தாள், அது நின்றது. அண்ணாச்சியை இனி தனிக்கட்டை என்று சொல்லலாமா கூடாதா என்று டீக்கடையில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவருக்குத்தான் துணைக்கு ஆள் வந்துவிட்டதே என்று, முன்பு எப்போதாவது போனவர்களும் போவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணாச்சி அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார். காலையில் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதெல்லாம் மாறிவிட்டது என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அல்லது கேட்பது போன்ற இடத்தில் தலை இருந்தது. ஆனால் மனுஷ மனசு போதும் என்று சொல்லாது. உட்கார்ந்தவள் எழுந்து நடந்தால் எப்படி இருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தது. கோதை நடக்கும்போது வலது காலை லேசாக இழுத்து வைப்பாள், அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. வாத்தியார் வீட்டு வராந்தாவில் நடந்ததை அவர் பார்த்திருந்தார். என்ன செய்தால் நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

அவர் ஒரு டம்ளரை அரை டம்ளராக்கினார், பிறகு அடுப்பையே மூடினார். வெறும் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை. தோள் இறங்கியது, கன்னம் உள்ளே போனது, தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் செம்பு செம்பாக மொண்டு வந்தார். அவரிடமிருந்து போனதெல்லாம் அவளுக்குக் கெண்டைக்காலாகவும் தோளாகவும் சேர்ந்தது. ஒரு நாள் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, ஒரு கால் வைத்து, ஒரு கால் இழுத்து. அவர் திரும்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அழுதார் என்று பாக்கியத்தாய் சொன்னாள், கீழே வரைக்கும் கேட்டதாம்.

அளவு எடுக்க வராதவரைத் தேடிக்கொண்டு எஸ்தர் டாக்டரம்மா மாடி ஏறி வந்தார். அவரும் தனி ஆள்தான், கல்லூரி விடுதியில் ஒரு அறை, மத்தியானத்துக்கு ஒரு சின்ன டிபன் பாக்ஸ். கட்டிலில் கிடந்தவரையும், ஜன்னலருகே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளையும் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்து, விரலால் சுற்றி அளந்து, விட்டார்.

"உங்கள நான் சும்மா இருக்கத்தான சொன்னேன்."

"சும்மா இருந்து பாத்தாச்சு டாக்டர்" என்றார் அண்ணாச்சி.

"கொழுப்பு எப்பவோ தீந்துபோச்சு. இப்ப எறங்குறது உங்க உசுரு. இன்னும் கொஞ்ச நாள் இப்படி இருந்தா நீங்க இருக்கமாட்டீங்க."

"அவ நடக்காளே."

"பேசுறாங்களா?"

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் பேசாததுதான் அவருக்கும் தாங்கவில்லை. கொழுப்புக்கு எடை உண்டு, சதைக்கு உண்டு, தண்ணீருக்குக்கூட உண்டு, குரலுக்கு எடை கிடையாது. அது அவர் உடம்பில் ஏறியிருக்கவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. அவர் கட்டிலில் கிடக்க, அவள் நாள் முழுக்க அந்த ஜன்னலில் நின்றாள். அதே ஜன்னலில் அதே மாதிரி தான் நின்றது அவருக்கு நினைவு வந்தது. ஒருவர் தனியாக இருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் தனியாக இருந்தார்கள். சாப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சாப்பிட்டால் அவள் போய்விடுவாள் என்பதை இருவருமே சொல்லவில்லை. தன் டிபன் பாக்ஸைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். அண்ணாச்சி அதைத் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. கையை ஊன்றினால் கை மடங்கியது. தாகமாக இருந்தது, கூப்பிடக் குரல் வரவில்லை, கூப்பிட்டாலும் யார் வரப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்போது ஒரு கால் வைத்து, ஒரு கால் இழுத்து, அந்தச் சத்தம் ஜன்னலிலிருந்து அடுக்களைக்குப் போனது. டின் மூடி திறந்தது. டம்ளர் அரிசிக்குள் இறங்குகிற சரசரப்பு கேட்டது. ஒரு தடவை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இன்னொரு தடவை கேட்டது.

சோறு வேகிற வாசனை வீடு முழுக்க வந்தது. அவள் இரண்டு தட்டுகளில் போட்டுக் கொண்டுவந்தாள், ரசம்கூட இல்லை, வெறும் சோறும் உப்பும் தண்ணீரும்தான். ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். மற்றதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி மறு காலைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவளைத் தூக்கி நடக்க வைத்த பலம் அவருடையது. அதை வைத்துக்கொண்டு அவள் செய்தது இது ஒன்றுதான். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக முதல் தட்டை முடித்தார். பிறகு ஸ்டாண்டில் ஒரு பஸ் நிற்கிற நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் தன் தட்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"போறியா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அவள் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். அவர் அதை எடுத்துச் சாப்பிட்டார், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல்.

மார்கழி முழுக்க அப்படியே நடந்தது. முதலில் அவள் கால் ஓய்ந்தது, அடுப்பை அவரே மூட்டினார். பிறகு தோள் போனது. மார்கழிக் கடைசியில் ஒரு கைக்குழந்தை அளவு அடுக்களை வாசலில் இருந்தது, நெற்றியில் குங்குமத்தோடு. பொங்கல் கொண்டுபோன பாக்கியத்தாய், தரையில் குங்குமம் மட்டும் ஒரு பொட்டளவு கிடந்ததைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதன் பிறகு அவள் நாள் விட்டு நாள் மாடி ஏறினாள்.

பங்குனிக் கடைசியில் எல்லோரையும் அழைத்துக் கடைசி அளவு எடுத்தார் எஸ்தர் டாக்டரம்மா. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பிடிகளைப் பிடித்தார். முதல் நாள் இருந்த கொழுப்பு, முதல் நாள் இருந்த சதை, தண்ணீர், எலும்பு, எதிலும் ஒரு இம்மி மாற்றமில்லை. சொன்ன சொல் தவறாமல் சும்மா இருந்தவர் என்றுதான் அந்த மெஷினுக்குத் தெரிந்தது. டாக்டரம்மா அந்த எண்களை எழுதிக்கொண்டார். பிறகு, கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகளை மற்றவர்களிடம் கேட்டது போலவே அவரிடமும் கேட்டார்.

"வீட்டுல எத்தனை பேருக்குச் சமையல்?"

"ரெண்டு பேருக்கு" என்றார் அண்ணாச்சி.

"சாப்பிடுறது?"

"நாந்தான்."

அவர் மெஷினிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் மெதுவாக வீட்டுக்கு நடந்தார். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது, போய் அரிசி களைய வேண்டும்.